கடல் உப்பைத் தேடி முசிறிக்குப் போனேன்

இந்தப் பதிவு உங்கள் கண்ணில் படுகிறது என்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். தோற்றிருந்தால் இந்த வலைப்பதிவையே மூடியிருப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பந்தயமே அப்படித்தான். பதினோரு வருடங்களாக வளைகுடாவில் ஆறு பேர் தங்கும் அறையில், மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய நூற்றுச் சொச்சம் பயணக் கட்டுரைகள் இதில் இருக்கின்றன. அத்தனையையும் என் கையாலேயே அழித்திருக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஜாபர், ஊர் திருச்சி பாலக்கரை. பத்தொன்பது வருடங்களாக, கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட் ஒன்றில் ஆபரேட்டராக இருக்கிறேன். கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, நல்ல தண்ணீரைப் பிரித்து ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் கெட்டி உப்புத் தண்ணீரை மறுபடி கடலுக்கே தள்ளுவது என் வேலை. உப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வம்பும் அதனால்தான் வந்தது.

சென்ற முறை விடுமுறையில் கல்லணைக்குப் போனதைப் பற்றி, தாமதமாக இந்த வருடத் தொடக்கத்தில் எழுதிய பதிவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: கடலில் இருக்கும் உப்பெல்லாம் நம் காவிரி மாதிரி ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டியதுதான். அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வரதனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வரதன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது வங்கியில் வேலை. காவிரியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் அவனுக்குத் தாங்காது. எல்லாரும் பார்க்கும் பின்னூட்டப் பகுதியிலேயே எழுதினான்: "காவிரி உப்பாம். கல்ஃபில் கடல்தண்ணியைப் பார்த்துப் பார்த்து இவனுக்கு எல்லாமே உப்பாகத் தெரிகிறது. காவிரியிலிருந்து நாக்கில் வைத்தால் கரிக்கும்படி உப்பு எடுத்துக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். முடியாவிட்டால் அந்த வரியை எடுக்கட்டும்."

நானும் சும்மா இருந்திருக்கலாம். "வரி என்னடா வரி, முடியாவிட்டால் வலைப்பதிவையே எடுத்துவிடுகிறேன்" என்று பதில் போட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அதைவிட உறைத்தது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு போன் செய்கிறவன் நிறுத்திவிட்டான். ஒரு வாரம், இரண்டு வாரம், இரண்டு மாதம். நானும் ரோஷத்தில் கூப்பிடவில்லை.

மாசிக் கடைசியில் விடுமுறைக்கு வந்ததும் வீம்பை விட்டு ஒரு செய்தி அனுப்பினேன். பதிலுக்கு விதிமுறைகள் வந்தன. ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் எடுத்தால் ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும், ஆகவே மேலே முசிறியில் எடுக்க வேண்டும். அவன் வீட்டில், அவன் கண் முன்னால் காய்ச்ச வேண்டும். மீட்டர், எண் எல்லாம் செல்லாது. நாக்குதான் தீர்ப்பு. திங்கட்கிழமை அவனுக்கு விடுப்பு, அன்றே வா. சரி என்றேன். அன்று எனக்கு ஒன்பதாம் நோன்பு. பரவாயில்லை, ருசி பார்க்கப்போவது அவன்தானே என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

திங்கள் அதிகாலை சஹர் சாப்பாடு முடித்து, பஜ்ரு தொழுதுவிட்டு, இரண்டு ஐந்து லிட்டர் கேன்களோடு கிளம்பினேன். கேன்களை முந்தின நாளே கழுவிக் காயவைத்திருந்தேன். சத்திரம் பேருந்து நிலையம் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். 5.55க்குத் துறையூர் பஸ். முசிறிக்குப் போக வேண்டியவன் துறையூருக்கு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் உப்பிலியபுரம் இருக்கிறது. பெயரைப் பார்த்து, உப்பு இல்லாத ஊர் போலிருக்கிறது என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். உப்பே இல்லாத தண்ணீரையும் கொஞ்சம் பிடித்து வந்து, காவிரித் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டினால் வரதன் வாயடைத்துப் போவான் என்பது திட்டம்.

துறையூர் 47 கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய், போய்ச் சேர்ந்தபோது மணி 7.15. அங்கிருந்து உப்பிலியபுரத்துக்கு இன்னொரு பஸ், 14 கிலோமீட்டர், 15 ரூபாய். 7.50க்கு இறங்கினேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை. நோன்பு வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்காருவது ஒரு தனி சோதனை. கடைக்காரர் டீ போட கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாங்க, நோன்பு. இந்த ஊர்த் தண்ணி கொஞ்சம் பிடிச்சுக்கலாமா? உப்பு இல்லாத ஊராமே, அதான் பார்க்க வந்தேன்."

கடையில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "உப்பு இல்லாத ஊரா? எங்க போர் தண்ணில துவரம்பருப்பைப் போட்டீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் வேகாதுங்க" என்றார் கடைக்காரர். "மண்ணுலேருந்து உப்புக் காய்ச்சுனவங்க இருந்த ஊருன்னு எங்க அப்பா சொல்வாரு. யாருங்க உங்ககிட்ட உப்பு இல்லைன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"நல்லாத்தான் நெனச்சீங்க போங்க" என்று சொல்லி, பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டார். என்னிடம் பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்தக் குழாய்த் தண்ணீரில் முக்கினேன். 1,640. மூக்குடைபட்டேன். அதே நேரம் மனசுக்குள் விசில் அடித்தேன். உப்பு இல்லாத ஊரைத் தேடி வந்து, கடலிலிருந்து இவ்வளவு உள்ளே, மலைக்குக் கீழே, உப்பைப் பார்த்துவிட்டேன். எனக்குத் தேவையே இதுதான்.

நாம் இதை வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு குழாயை நல்ல தண்ணி என்கிறோம், இன்னொரு குழாயை உப்புத் தண்ணி என்கிறோம். அந்த உப்புத் தண்ணி கடலிலிருந்து வரவில்லை, நம் காலுக்குக் கீழே இருக்கும் பாறையிலிருந்து வருகிறது. மழை விழும்போது காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. சோடாவில் இருக்கும் அதே வாயுதான். அதனால் மழைநீருக்கு லேசான புளிப்பு. அந்தப் புளிப்பு பாறையை அரித்து, அதிலிருக்கும் சோடியம், கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பாதி பூமிக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. மீதி ஓடையாகி, ஆறாகி, கடலுக்குப் போகிறது.

8.45க்கு அங்கிருந்து கிளம்பி, துறையூர் வந்து, முசிறி பஸ் பிடித்தேன். 30 கிலோமீட்டர், 28 ரூபாய். நோன்பு வயிற்றோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, என் வரியில் இருந்த ஓட்டையும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் ஆறுதான் கொண்டுபோனது என்று எழுதியது கொஞ்சம் அதிகப்படி. கடல் தண்ணீரே முதலில் பூமியின் வயிற்றிலிருந்து வந்தது என்கிறார்கள். பூமி தகித்துக்கொண்டிருந்த காலத்தில் எரிமலைகள் வழியாக ஆவியாக வெளியேறி, பூமி ஆறிய பிறகு மழையாகக் கொட்டிப் பள்ளங்களில் தேங்கியது. விண்கற்களும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம். உப்பில் பாதியான குளோரினில் பெரும்பங்கு அந்த எரிமலை வாயுக்களோடு வந்ததுதான். கடலுக்கு அடியில் கொதிக்கும் ஊற்றுகளும் இன்றுவரை உப்புகளைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. இதை வரதனிடம் பந்தயம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். உங்களிடம் இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

10.10க்கு முசிறி. பேருந்து நிலையத்திலிருந்து ஆற்றுக்கு நடந்தே போகலாம். மாசி மாதக் காவிரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அகலத்தில் முக்கால்வாசி மணல், நடுவில் தெளிந்த ஓட்டம். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, சூடேறிய மணலில் ஓட்டமும் நடையுமாகப் போய் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். வெயிலில் வந்த உடம்புக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று எழுதி விளங்காது. ஒரு வாய் குடிக்கக்கூட முடியாது என்பதால் இன்னும் நன்றாக இருந்தது.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த மினி லாரி டிரைவர் ஒருவர் ஓரமாக நிறுத்தி முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் கேனை முக்கி முக்கிக் கொட்டிக் கழுவுவதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன பாய், வீட்டுல தண்ணி வரலையா?"

"இல்லீங்க. இதுலேருந்து உப்பு எடுக்கப்போறேன்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்து முடித்தார். பிறகு, "உப்புக்கு வேதாரண்யம் போவணும் பாய். வழி மாறி வந்துட்டீங்க" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

மீட்டர் 390 காட்டியது. அதாவது ஒரு லிட்டருக்கு அரை கிராம்கூட இல்லை. கடலில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கும், நான் வேலை பார்க்கும் பக்கம் நாற்பதைத் தாண்டும். நாக்குக்கு இந்த 390 தெரியவே தெரியாது, அதனால்தான் இது நல்ல தண்ணி. ஆனால் ஆறு ராத்திரி பகலாகக் கொண்டுபோய்க் கொண்டே இருக்கிறது. கடலுக்குப் போன தண்ணீரைச் சூரியன் ஆவியாக்கி மேலே எடுத்துக்கொள்கிறது, உப்பை எடுப்பதில்லை. அந்தத் தண்ணீர் மறுபடி மழையாகி மறுபடி பாறையைக் கரைக்கிறது. கோடிக்கணக்கான வருடங்கள் இது நடந்தால் கடல் கரிக்காமல் என்ன செய்யும்? என் பிளான்ட்டில் ஒரு ஷிப்டில் நடப்பதுதான் இது, நேரம் மட்டும் ரொம்ப அதிகம்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு சின்னத் தகராறு. கண்டக்டர் கேன்களுக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார். "ஆத்துத் தண்ணிங்க, லக்கேஜா?" என்றேன். "ஆத்துல இருந்தா தண்ணி, பஸ்ஸுல இருந்தா லக்கேஜ்" என்று சொல்லி 20 ரூபாய்க்குக் கிழித்துக் கொடுத்தார். எனக்கு 36. டோல்கேட்டில் இறங்கி, ஆட்டோவில் கொள்ளிடம் பாலம் தாண்டி வரதன் வீட்டுக்கு 120 ரூபாய். மணி 12.50.

வரதன் வாசலுக்கு வந்தான். இரண்டு மாதம் பேசாத மனிதன், நெற்றியில் பளிச்சென்று திருமண். "வாடா" என்றான். அவ்வளவுதான். கேனை வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவன் மனைவி பத்மாதான் உள்ளேயிருந்து ஓடிவந்து, "வாங்கோ அண்ணா. அடுப்பு ஃப்ரீயா இருக்கு, உங்களுக்காகவே இவர் இன்னிக்கு நாள் பார்த்துச் சொன்னார்" என்றாள்.

"ஏன், இன்னிக்கு சமையல் இல்லியா?"

"இன்னிக்கு ஏகாதசி அண்ணா. எங்காத்துல ஒரு வாய் பாலோட சரி. நாளைக்குக் காலம்பற துவாதசிப் பாரணை பண்ணி விரதம் முடிச்சப்புறந்தான் மத்ததெல்லாம்."

எனக்குச் சுருக்கென்றது. "டேய் வரதா, அப்போ உப்பை யாருடா நாக்குல வெச்சுப் பார்ப்பா?"

"நீதான். காய்ச்சறவன் ருசி பார்க்க மாட்டானா?"

"எனக்கு நோன்புடா!"

"நோன்பா?" என்றவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் ஏகாதசி பார்த்து, அடுப்பு காலியாக இருக்கும் நாளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறான். நான் ரமலானில் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறேன். நாக்குதான் தீர்ப்பு என்று அத்தனை பேருக்கும் முன்னால் பந்தயம் கட்டிவிட்டு, இரண்டு நாக்கும் விரதத்தில் இருக்கும் நாளில் வந்து நிற்கிறோம். ஐம்பதை நெருங்குகிற வயதில் எங்களுக்கு இருக்கும் அறிவு இது. ஆட்டோ ஸ்டாண்டில் யாரையாவது கூட்டிவரட்டுமா என்றேன். "பந்தயம் நமக்குள்ள. மூணாவது நாக்கு வேண்டாம்" என்று முறைத்தான்.

இப்படி வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் உள்ளே இன்னொரு காரியம் நடந்துவிட்டது. நான் ஆட்டோவிலிருந்து இறக்கும்போது, "முசிறிக் காவிரிம்மா" என்று சொல்லி ஒரு கேனைப் பத்மாவிடம் கொடுத்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், ஏகாதசி நாளில், மேல்காவிரித் தண்ணீரைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? போய்ப் பார்த்தேன். ஐந்து லிட்டரும் பித்தளைக் குடத்தில். மேலே துளசி மிதக்கிறது. ஏலக்காய், பச்சைக் கர்ப்பூரம் வாசனை கூடம் முழுக்க.

"பெருமாளுக்குத் தீர்த்தம் சேர்த்துட்டேன் அண்ணா" என்றாள் சந்தோஷமாக. என் முகத்தைப் பார்த்ததும், "ஐயோ, சேர்க்கப்படாதா?" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரதன் மட்டும் இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான். மிச்சம் ஒரு கேன்தான். அதிலிருப்பது மொத்தமாகவே இரண்டு கிராம் சமாச்சாரம். அடிப்பிடித்தாலோ கொட்டினாலோ பதினோரு வருட எழுத்து போயிற்று.

1.30க்கு எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி அடுப்பேற்றினேன். லுஹரை அவன் வீட்டு மாடியிலேயே தொழுதுவிட்டு வந்தேன். தண்ணீர் பாதியாவதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் அடுப்பின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க, வரதன் எதிரில் நாற்காலி போட்டு, ஆடிட் செய்ய வந்தவன் மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே பையிலிருந்து உப்பைத் தூவிவிடுவேனோ என்று சந்தேகமா என்று கேட்டேன். "உன்னைத் தெரியாதா, கணக்குப் பரீட்சைல என் பேப்பரைப் பார்த்து எழுதினவன்தானே" என்றான். திட்டுதான், ஆனாலும் பேச்சு வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர நிம்மதி.

நான்கரை மணிக்குத் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. அண்டாவின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. வரதன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஒரு கரண்டியால் சுரண்டி விரலில் தேய்த்தான். மாவாக உதிர்ந்தது.

"இது சுண்ணாம்புடா!" என்றான். தெருவுக்கே கேட்டிருக்கும். "உப்பு எங்க? வெத்தலைக்குத் தடவலாம், அவ்வளவுதான். ஜாபர், தோத்துட்டே!"

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். முழுவதையும் சுண்டக் காய்ச்சி, சுண்ணாம்பும் உப்புமாகக் கலந்த ஒரு சாம்பலை நாக்கில் வைத்துத் துப்பியிருப்பார்கள். பத்தொன்பது வருடங்களாகக் குழாய்க்குள் படியும் இதே சுண்ணாம்போடு மல்லுக்கட்டுகிறவன் நான். எது முதலில் படியும், எது கடைசி வரை தண்ணீரை விட்டுப் போகாது என்பது எனக்கு மனப்பாடம். சுண்ணாம்புதான் எப்போதும் முதல் ஆள். சாப்பாட்டு உப்பு கடைசி சொட்டு வரை கரைந்தே கிடக்கும். அடுப்பை அணைத்தேன். பத்மாவிடம் துவைத்த வேட்டித் துணி கேட்டு வாங்கி, நான்காக மடித்து, கால் லிட்டர் அளவுக்குச் சுண்டியிருந்த தண்ணீரை நிதானமாக வடிகட்டினேன். கீழே தட்டில் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் இறங்கியது.

"சுண்ணாம்பும் பாறையிலேருந்து வந்ததுதான். அதுவும் கடலுக்குத்தான் போகுது" என்றேன்.

"அப்போ கடல் ஏன் சுண்ணாம்பாகல, உப்பு மட்டும் ஆச்சு?" வரதன் விடுவானா. கேள்வி நியாயமான கேள்விதான்.

"கடல்ல அதை எடுத்துக்க ஆள் இருக்குடா. சிப்பி, கிளிஞ்சல், பவளம் எல்லாம் அதைத்தான் எடுத்து ஓடு கட்டிக்குது. உப்பை அந்த மாதிரி எடுத்துக்க ஆள் கிடையாது. அது தங்கிடுது."

பத்மா வடிகட்டிய துணியிலிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "அப்போ சங்கு?" என்றாள். சங்கும்தான் என்றேன். அவள் பூஜை அறைக்குள் போய், திருமஞ்சனத்துக்கு வைத்திருக்கும் வெண்சங்கை எடுத்துவந்து, அந்தப் பொடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே வெள்ளை. "காவேரி கொண்டுபோனதையா நாம கையில வெச்சுண்டிருக்கோம்?" என்று கேட்டாள். பத்தொன்பது வருட சர்வீஸில் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டது. வரதன் எழுந்தான். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மிச்சத் தண்ணீரைச் சின்னத் தீயில் வைத்தோம். வைத்தோம் என்றுதான் எழுத வேண்டும், தீயைக் குறைத்துக் கூட்டிக்கொண்டிருந்தது அவன்தான். 5.50க்குத் தட்டின் ஓரத்தில் முதல் பளபளப்பு. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள், மூலை மூலையாக. சாப்பாட்டு உப்பு ஒருபோதும் தன் சதுரத்தை விடாது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஐந்து லிட்டர் காவிரியிலிருந்து சரியாக ஒரு சிட்டிகை. தங்கம் கிடைத்திருந்தால்கூட அந்தத் தட்டை நான் அப்படிப் பிடித்திருக்க மாட்டேன்.

ஆனால் தீர்ப்பு நாக்குக்குத்தானே? 6.26க்கு நோன்பு திறக்கும் நேரம். ஏகாதசிக்காரனுக்கு மறுநாள் காலை வரை வழியில்லை. "நீயே பாரு. நீ சொல்றதை நான் எடுத்துக்கறேன்" என்றான் வரதன். பந்தயத்தில் எதிராளி நான், நடுவரும் நானா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. மாடியில் உட்கார்ந்தோம். பையில் பேரீச்சம்பழம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பேரீச்சம்பழம் இல்லாவிட்டால் உப்பைத் தொட்டு நோன்பு திறப்பதும் உண்டு. பழத்தைப் பையிலேயே விட்டேன். நேரம் ஆனதும் துஆ ஓதி, பிஸ்மில்லாஹ் சொல்லி, விரல் நுனியில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன்.

"என்னடா?" என்றான்.

பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கொண்டாட்டம். ஆனால் பதினாலு மணி நேரம் காய்ந்திருந்த நாக்கு அது. "மொதல்ல கசக்குதுடா" என்றேன். அவன் முகம் மாறவில்லை. "அப்புறம்?" "அப்புறம் கரிக்குது. நல்லாக் கரிக்குது."

"கசக்கறதுன்னு சொன்னியே, அதான் நம்பறேன்" என்றான் வரதன். பத்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கசப்பு மக்னீசியத்தின் வேலை, கடல் தண்ணீரிலும் அது உண்டு என்று விளக்க ஆரம்பித்தேன். "போதும், ஜெயிச்சுட்டே, தண்ணியைக் குடி" என்றான். அன்றிரவே பின்னூட்டத்தில் ஒற்றை வார்த்தை போட்டான்: "உண்மை."

இதேபோலப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். உப்பிலியபுரம், துறையூர், முசிறி, ஸ்ரீரங்கம் என்று ஒரே நாளில் சுற்றிவிடலாம், எனக்கு வரதன் வீடு வரை மொத்தம் 299 ரூபாய் ஆயிற்று. மாசி, பங்குனிதான் நல்ல நேரம். தண்ணீர் குறைவாக ஓடுவதால் உப்பு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வெள்ளக் காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே இறங்காதீர்கள், மாசியிலும் மணல் பள்ளங்களைப் பார்த்துக் கால் வையுங்கள். பத்து லிட்டருக்குக் குறையாமல் எடுங்கள். ஸ்ரீரங்கத்தில் தங்குகிறவர்கள் கேன் மேல் "சோதனைக்கு மட்டும்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிடுங்கள். சுண்ணாம்பு படிந்ததும் வடிகட்ட மறக்காதீர்கள். கிடைப்பதைக் கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், நாக்கில் வைக்காதீர்கள். ஆற்றில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது, உப்போடு சேர்ந்து அதுவும் சுண்டியிருக்கும். நாங்கள் வைத்தது பந்தய வெறி. எல்லாவற்றுக்கும் மேலாக, காலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

நாக்கில் வைக்க வேண்டாம் என்று வரதனிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் காலை 7.10க்கு போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, செவ்வாய். நான் பத்தாம் நோன்போடு கட்டிலில் சாய்ந்திருந்தேன்.

"பாரணை ஆச்சுடா" என்றான். "பத்மா நெல்லிக்காய்ப் பச்சடி பண்ணினா. அதுல வேற உப்பே போடல. நீ விட்டுட்டுப் போனதுதான்."

"வேண்டாம்னு சொன்னேனேடா."

"கேளு. முதல்ல பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணினோம். அப்புறந்தான் நாங்க சாப்பிட்டோம்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னடா சத்தத்தையே காணோம்? கரிக்கறதுடா ஜாபர். நன்னாவே கரிக்கறது."